அலாரத்தை மறந்தது யார்?

"மறந்துட்டாளாம்."

டிரைவிங் ஸ்கூல் நடத்தும் அந்த அம்மாள் அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஐம்பதைத் தாண்டிய வயது. ஸ்டியரிங் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கை. கணவர் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அழுத கண்ணாகத் தெரியவில்லை. அழ நேரம் கொடுக்கப்படாத கண்ணாகத் தெரிந்தது.

எதிரே துப்பறியும் நிபுணர் தராசு. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குக் காட்டுகிறவர்களைப் பிடித்துக் கொடுத்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். எவர் வாயிலிருந்து எந்த வார்த்தை வந்தாலும் நிறுத்துப் பார்க்காமல் வாங்க மாட்டாள். பக்கத்தில் அவள் உதவியாளன் ரேடியோ. நாற்பது வயதாகியும் அந்த ரேடியோவை அணைக்கும் பட்டனை எவரும் கண்டுபிடிக்கவில்லை.

"முதல்லேருந்து சொல்லுங்கம்மா" என்றாள் தராசு.

"வீட்டுக்காரர் ஏணியிலேருந்து விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சது. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. பிரஷர் மட்டும் ஏறலை. அதுக்கு ஒரு மருந்து, சொட்டுச் சொட்டா உள்ளே போகணும். ஊசியை ஒரு மெஷின்ல மாட்டிவிட்டா அதுவே தள்ளும். மருந்து தீர்ந்தா மெஷின் கத்தணும். கத்தலை."

"நர்ஸ்?"

"ரெண்டு கட்டில் தள்ளி நின்னு ஒருத்தருக்குக் கட்டு மாத்திக்கிட்டிருந்தா. சத்தம் கேட்டிருந்தா ஓடி வந்திருப்பா. பட்டப்பகல். நான் கீழே காபி வாங்கப் போயிருந்தேன். திரும்பி வர்றேன், மெஷின்ல பச்சை லைட்டு எரியுது. அவர் இல்லை."

ரேடியோ வாயைத் திறந்தான். தராசு ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டான்.

"மெஷின் பண்ற கம்பெனியிலேருந்து ரெண்டு பேர் பழக்கூடையோட வந்தாங்க. 'எங்க புரோகிராமர் பொண்ணு ஒருத்தி அலாரத்தை எழுத மறந்துட்டா. அவளை வேலையை விட்டு அனுப்பியாச்சு. உங்க துக்கத்துல நாங்களும் பங்கெடுக்கிறோம்'னாங்க."

"துக்கத்துல மட்டும் எல்லாரும் பார்ட்னர்" என்றான் ரேடியோ. "லாபத்துல ஒருத்தனும் கூப்பிட மாட்டான்."

அம்மாள் சிரிக்கவில்லை. ஆனால் அவனைப் பிடித்துப்போனது போல ஒரு தலையசைப்பு.

"நான் ஊர்ப்பட்ட பேருக்கு வண்டி ஓட்டக் கத்துக் குடுத்திருக்கேன். கத்துக்க வர்றவன் எல்லாத்தையும் மறப்பான். கிளட்சை மறப்பான், கண்ணாடி பார்க்க மறப்பான். பிரேக்கையே மறப்பான். அவன் மறப்பான்னு தெரிஞ்சுதான் என் காலடியிலயும் ஒரு பிரேக் வெச்சிருக்கு. உயிரைக் காப்பாத்துற மெஷினை ஒரு சின்னப் பொண்ணோட ஞாபகத்தை மட்டும் நம்பியா பண்ணுவாங்க? எனக்கு நம்பிக்கை வரலை. கோபப்படக்கூட ஆள் கிடைக்கலைங்க எனக்கு. மறதி மேல எப்படிக் கோபப்படுறது? யார் மேல கோபப்படணும்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

தராசு எழுந்தாள். "அந்தப் பொண்ணைப் பார்த்தீங்களா?"

"இல்லை. பார்த்தா அறைஞ்சிடுவேனோன்னு பயம்."

"வாங்க. அறையலாமா வேண்டாமான்னு பார்த்துட்டு வந்துடலாம்."

*

டிரைவிங் ஸ்கூல் காரிலேயே போனார்கள். அம்மாள் கற்றுக்கொடுப்பவரின் இருக்கைக்குப் பழகியவள் என்பதால் ரேடியோவை ஸ்டியரிங்கில் உட்கார வைத்தாள். வழி முழுக்க அவள் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தாள்.

"அம்மா, எனக்கு லைசன்ஸ் இருக்கு."

"தெரியுது. யார் குடுத்தான்னுதான் தெரியலை."

புரோகிராமர் பெண் அவள் அண்ணன் வீட்டில் இருந்தாள். கதவைத் திறந்தது அண்ணி. கையில் குழந்தையின் ஈரச் சட்டை. முகத்தில் சண்டைக்கு ஆயத்தம்.

"கம்பெனியா? இன்னொரு கையெழுத்து வேணுமா? அவ கையை வெட்டித் தர்றேன், எடுத்துட்டுப் போங்க."

"கம்பெனி இல்லைம்மா. கம்பெனி சொன்னதை நம்பாதவங்க" என்றாள் தராசு.

அண்ணி கதவை அகலத் திறந்தாள்.

பெண் உள் அறையில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். ஒல்லி. தலை வாரி நாளாகியிருக்கும். வந்தவர்களில் ஒருத்தி இறந்தவரின் மனைவி என்று தெரிந்ததும் எழுந்து நின்றுவிட்டாள். அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். கை உயரவில்லை.

"உட்காரு" என்றாள் அம்மாள். "மறந்தியா?"

"மறக்கலைங்க. எழுதலை."

அண்ணி, "இப்படித்தான் பேசுவா, இப்படிப் பேசியே கெட்டா" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"விளக்கமா சொல்லு" என்றாள் தராசு. "எங்களுக்கு கம்ப்யூட்டர் தெரியாது. இவனுக்குத் தெரிஞ்ச மாதிரி பேசுவான், நம்பாதே."

பெண் விரல்களைக் கோத்துக்கொண்டு மெதுவாக ஆரம்பித்தாள்.

"எங்க கம்பெனி பல மாதிரி பம்ப் பண்ணுது. ஊசி பம்ப், பாட்டில் பம்ப், வீட்டுக்கு எடுத்துட்டுப் போற பம்ப். எல்லாத்துக்கும் பொதுவா மேலே ஒரு கிளாஸ், அதாவது புரோகிராம்ல ஒரு அச்சு. அதை அம்மான்னு வெச்சுக்குங்க. பேரு 'பம்ப்'. வெறும் பம்ப்னு ஒரு பொருளை யாரும் செய்ய முடியாது, வாங்கவும் முடியாது. ஒண்ணு ஊசி பம்ப்பா இருக்கணும், இல்லைன்னா பாட்டில் பம்ப்பா இருக்கணும். அதனால அந்த அம்மா கிளாஸ் ஆப்ஸ்ட்ராக்ட். அதுலேருந்து நேரா ஒரு மெஷின் பிறக்காது. பிள்ளைங்க வழியாத்தான் பிறக்கும்."

"அம்மா என்ன பண்ணுவா?" என்று கேட்டாள் தராசு.

"சில வேலையை அவளே செஞ்சு குடுப்பா. மருந்து எவ்வளவு போச்சுன்னு கணக்குப் போடுறது எல்லா பம்ப்புக்கும் ஒண்ணுதானே? சில வேலையை உத்தரவா மட்டும் போடுவா. 'அலாரம் அடிக்கணும்.' அவ்வளவுதான். எப்படி அடிக்கணும்னு சொல்ல மாட்டா. ஒவ்வொரு பிள்ளைக்கும் மணி வேற, விளக்கு வேற. அதுக்குத் தலைப்பு மட்டும் இருக்கும், உடம்பு இருக்காது. அதுதான் ஆப்ஸ்ட்ராக்ட் மெத்தட். உடம்பைப் பிள்ளைதான் எழுதணும்."

"எங்க ஆபீஸ் மாதிரி" என்றான் ரேடியோ. "அக்கா உத்தரவு போடுவாங்க. உடம்பு நான்."

"ரேடியோ, வால்யூம்."

டிரைவிங் ஸ்கூல் அம்மாள் புருவத்தைச் சுருக்கினாள். "லைசன்ஸ் டெஸ்ட் மாதிரின்னு சொல்லு. ரிவர்ஸ் எடுத்தே ஆகணும்னு சட்டம். லாரிக்காரன் லாரியில எடுக்கணும், கார்க்காரன் கார்ல எடுக்கணும். எப்படி எடுக்கணும்னு சட்டத்துல இருக்காது. எடுக்காதவனுக்கு?"

"லைசன்ஸ் கிடையாது!" பெண்ணின் முகத்தில் முதல் முறையாக உயிர் வந்தது. "அதேதாங்க! பிள்ளை கிளாஸ் அலாரத்தை எழுதாம விட்டா, கம்பைலர்னு ஒண்ணு இருக்கு, நாம எழுதினதை மெஷினுக்குப் புரியற மாதிரி மாத்துறது, அது மாத்தவே மாட்டேன்னுடும். 'அலாரம் எழுதலை'ன்னு சிவப்புல எழுதி நிறுத்திடும். மெஷின் வெளியிலே போகவே முடியாது."

"அப்புறம் ஏன் எழுதாம விட்டே?"

"புது மாடலுக்குப் புது மணி வர வேண்டியிருந்துச்சு. அதை எப்படி அடிக்கிறதுங்கிற விவரமே எனக்கு இன்னும் வரலை. சும்மா எதையாவது எழுதி வெச்சா, கம்பைலர் விட்டுடும். அப்புறம் உண்மையிலேயே மறந்துடுவோம். அதனாலதான் வெறுமையா விட்டேன். அது இல்லாம மெஷின் வாசலைத் தாண்டாதுன்னு நம்பினேன். அதுதாங்க என் பூட்டு. அப்புறம் காய்ச்சல்ல ஒரு மாசத்துக்கு மேல படுத்துட்டேன். திரும்பிப் போனா, மெஷின் ஆஸ்பத்திரியில ஓடிக்கிட்டிருக்குன்னாங்க. ஓட முடியாதேன்னேன். மறுநாள் ஒருத்தர் செத்துட்டாருன்னாங்க. அன்னைக்கே என் கம்ப்யூட்டரைப் பிடுங்கி, வாசலைக் காட்டிட்டாங்க. நான் எழுதினதைத் திறந்து பார்க்கக்கூட விடலை."

"யார் எப்போ என்ன மாத்தினாங்கன்னு பதிவு இருக்குமே?" என்றான் ரேடியோ, தனக்கும் கொஞ்சம் தெரியும் என்று காட்டுவதற்காக.

"அந்த வாரம்தான் சர்வர் மாத்தினோம், பழைய பதிவு போயிடுச்சுன்னாங்க."

"போகும்" என்றாள் தராசு. "இந்த மாதிரிப் பதிவெல்லாம் ரொம்ப நாணயமானது. வேண்டாதப்போ தானா போயிடும். அந்த அம்மா கிளாஸ்ல கை வைக்க யாருக்கெல்லாம் உரிமை?"

"எனக்குக் கிடையாது. தலைமை வடிவமைப்பாளருக்கு உண்டு. ஆபீஸ்ல அவரைச் சிற்பின்னு சொல்லுவோம். அந்த கிளாஸை எழுதினதே அவர்தான். அப்புறம் முதலாளிக்கு. ஆனா அவருக்கு கோடு, அதான் புரோகிராம், எழுதத் தெரியாது. 'நான் வியாபாரி'ன்னுவார். கம்பெனி அவரோடதுங்கிறதால ஒரு சாவி அவர்கிட்டேயும் இருக்கு."

"அப்போ சிற்பி" என்று ரேடியோ தொடையில் தட்டினான்.

தராசு கிளம்ப எழுந்தாள். வாசல் வரை வந்ததும் பெண் பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"மேடம், என் வேலையை விடுங்க. அதே மாடல் வேற ஆஸ்பத்திரிங்களுக்கும் போயிருக்கு. அதுல அலாரத்தை எழுதிட்டாங்களா? யாரைக் கேட்டாலும் போனை வெச்சுடுறாங்க."

டிரைவிங் ஸ்கூல் அம்மாள் காரின் சாவியை ரேடியோ கையிலிருந்து பிடுங்கினாள்.

"நான் ஓட்டுறேன்" என்றாள்.

*

கம்பெனியின் கூட்ட அறைக்கு நான்கு பக்கமும் கண்ணாடி. உள்ளே நடப்பது எல்லோருக்கும் தெரியும், ஒருவருக்கும் கேட்காது. 'உங்கள் உயிர், எங்கள் மூச்சு' என்று சுவரில் பொன்னிறத்தில் எழுதியிருந்தது.

"மூச்சு விடுறதுக்கும் கம்பெனி வேணும் போல" என்றான் ரேடியோ.

இறந்தவரின் மனைவி வழக்குப் போடுகிற எண்ணத்தில் இல்லை, ஒரு சந்தேகத்தை மட்டும் தீர்த்துக்கொள்ள வருகிறார் என்று தராசு போனில் சொல்லியிருந்தாள். அதைக் கேட்டதும் கம்பெனியே கனிந்து நின்றது. மேசை மேல் பிஸ்கட். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர்.

நடுவில் முதலாளி. சுருக்கமில்லாத சட்டை, சுருக்கமில்லாத நெற்றி, துக்கத்துக்கென்று தனியாக வைத்திருக்கும் குரல்.

அவருக்கு வலப்பக்கம் சிற்பி. தாடி. கருப்புச் சட்டை. எதிரில் இருப்பவர்களுக்கு மேலே ஒரு முழம் தள்ளி எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். வெளியூர் மாநாட்டுக்குப் போய் வந்த அடையாள அட்டையை இன்னும் கழுத்திலிருந்து கழற்றவில்லை.

இடப்பக்கம் பரிசோதனைப் பிரிவின் தலைவர். எதைக் கொடுத்தாலும் டிக் அடித்துத் திருப்பிக் கொடுப்பார் என்பதால் ஆபீஸில் அவருக்கு டிக் என்றே பெயர்.

"எங்களால முடிஞ்ச எல்லா உதவியும்..." என்று முதலாளி ஆரம்பித்தார்.

"எனக்கு கம்ப்யூட்டரே தெரியாதுங்க" என்றாள் தராசு, முகத்தை முடிந்தவரை மந்தமாக வைத்துக்கொண்டு. "மெஷினைப் பரிசோதிச்சுத்தானே அனுப்புவீங்க?"

டிக் நிமிர்ந்தார். "அலாரத்தைக் கட்டாயம் பரிசோதிப்போம் மேடம். மருந்து தீர்ந்த மாதிரி பாவனை பண்ணி, அலாரத்தைக் கூப்பிடுவோம். தப்பு ஏதாவது திரும்பி வந்தா ஃபெயில். எந்தத் தப்பும் வரலைன்னா பாஸ். இந்த மாடல்ல எந்தத் தப்பும் வரலை."

"சத்தம் வந்துச்சா?"

"தப்பு வரலை."

"அது சரி. காதுல கேட்டுச்சா?"

டிக் ஒரு நிமிஷம் யோசித்தார். "காது... திட்டத்துல இல்லைங்க."

ரேடியோ பிஸ்கட்டை வாய்க்கருகே கொண்டுபோனவன் அப்படியே கீழே வைத்தான். "வேலைக்காரனைக் கூப்பிட்டேன், அவன் எதிர்த்துப் பேசலை, அதனால வேலை முடிஞ்சதுன்னு டிக் போட்டிருக்கீங்க. அவன் செத்துப்போயிருந்தாலும் எதிர்த்துப் பேச மாட்டானே சார்."

'செத்து' என்ற வார்த்தை வந்ததும் அவனே நாக்கைக் கடித்துக்கொண்டான். டிரைவிங் ஸ்கூல் அம்மாள் அசையவில்லை. டிக்கின் கழுத்து மட்டும் சட்டைக் காலருக்குள் இறங்கியது.

தராசு சிற்பியின் பக்கம் திரும்பினாள். "ஐயா, நீங்கதான் பெரிய மூளைன்னு சொன்னாங்க."

சிற்பியின் பார்வை ஒரு முழம் கீழே இறங்கியது. "சொல்லுங்க."

"அந்தப் பொண்ணு அலாரத்தை எழுத மறந்துட்டான்னு சொல்றாங்க. மறந்தா மெஷின் என்ன பண்ணும்?"

"மறக்க முடியாது" என்றார் சிற்பி.

முதலாளியின் பேனா நின்றது.

"புரியலைங்களே."

"உங்களுக்குப் புரியாது, பரவாயில்லை" என்றார் சிற்பி தாராள மனசோடு. "என் பம்ப் கிளாஸ் இருக்கே, அதை மூணு மாநாட்டுல பாடமா காட்டியிருக்கேன். அலாரம் அதுல ஆப்ஸ்ட்ராக்ட். ஏன்? எனக்குக் கீழே வேலை பண்றவங்க மேலே எனக்கு நம்பிக்கை கிடையாது. அதான். எந்த முட்டாள் எழுதாம விட்டாலும் கம்பைலர் காறித் துப்பி அனுப்பிடும். மறக்கவே முடியாதபடி செதுக்கினது அது."

"அப்போ அந்தப் பொண்ணு மறக்கலை?"

சிற்பி பதில் சொல்ல வாயெடுத்தார். அப்போதுதான் தன் பெருமை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது என்று அவருக்கு உறைத்தது. "அது... நான் அப்போ ஊர்ல இல்லை. ஊர் ஊரா மேடையில பேசிட்டிருந்தேன். வந்தப்போ அந்தப் பொண்ணு போயாச்சு."

"ஒரு மனுஷன் செத்திருக்கான். நீங்க உங்க கோடைத் திறந்துகூடப் பார்க்கலையா?"

"அதெல்லாம் என் லெவல் வேலை இல்லை."

ரேடியோ தராசின் காதருகே சாய்ந்தான். "அக்கா, இந்த ஆளும் ஆப்ஸ்ட்ராக்ட்தான். நேரடியா ஒரு வேலையும் பிறக்காது."

முதலாளி தொண்டையைச் செருமினார். கனிந்த குரல் கொஞ்சம் கரடுமுரடாகியிருந்தது. எதிரில் இருப்பது தொழில் தெரியாத மூன்று பேர். சிற்பி கதையைக் கெடுத்துவிட்டார். இப்போதே ஒட்டுப்போட்டுவிட்டால் சரியாகிவிடும்.

"அவர் பொதுவா சொல்றார்ங்க. இந்த விஷயத்துல அப்படி இல்லை. அம்மா கிளாஸ்ல அலாரத்துக்கு வெறும் உடம்பு ஒண்ணு இருக்கு. உள்ளே ஒண்ணும் இருக்காது. அதனால பிள்ளை எழுதாட்டியும் கம்பைலர் விட்டுடும். அலாரத்தைக் கூப்பிட்டா அந்த வெறும் உடம்பு ஓடிட்டுச் சத்தமில்லாம திரும்பி வந்துடும். அந்தப் பொண்ணு கவனமா இருந்திருந்தா எழுதியிருக்கணும். கவனக்குறைவு. அவ்வளவுதான்."

பேசி முடித்துத் தண்ணீர்க் குவளையை எடுத்தார். குடிப்பதற்குள் சிற்பி எழுந்துவிட்டார்.

"வெறும் உடம்பா?"

"உட்காருங்க" என்றார் முதலாளி.

"என் பம்ப்லயா? என் அலாரத்துக்கு உள்ளே ஒண்ணுமில்லாத வெறும் அடைப்புக்குறியா?" சிற்பியின் கை மேசை மேல் நடுங்கியது. அவர் தன் கம்ப்யூட்டரைத் திறந்தார், எதையோ தட்டினார், திரையைப் பார்த்தார். முகம் வெளுத்தது. "ஆப்ஸ்ட்ராக்ட்ங்கிற வார்த்தையைக் காணோம்! பக்கத்துல ரெண்டு அடைப்புக்குறி போட்டு மூடியிருக்கு! எவன் இதுல கை வெச்சது?"

தராசு அந்தக் கையைப் பார்த்தாள். ஒரு மனிதன் செத்ததற்கு நடுங்காத கை. இரண்டு அடைப்புக்குறிக்கு என்னமாய் நடுங்குகிறது!

"அதை எழுதின இவருக்கே இப்போதான் தெரியுது" என்றாள் அவள். மந்தமான முகத்தைக் கழற்றி வைத்துவிட்டாள். "டிக் சாருக்குத் தெரியாது. வேலையை விட்டுத் துரத்தின பொண்ணுக்கும் தெரியாது. கோடே தெரியாத வியாபாரி, உங்களுக்கு மட்டும் எப்படிங்க தெரிஞ்சது?"

முதலாளி குவளையைக் கீழே வைத்தார். "யாரோ சொன்னாங்க."

"யாரு?"

"ஞாபகம் இல்லை."

"மறந்துட்டீங்களா?" என்று கேட்டான் ரேடியோ.

கண்ணாடிக்கு வெளியே, தங்கள் இருக்கைகளிலிருந்து தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. முதலாளி உட்கார்ந்திருக்க, சிற்பி எழுந்து நின்று கத்துவதை அந்த ஆபீஸ் அதுவரை பார்த்ததில்லை.

"இது எதுக்கும் சாட்சி இல்லை" என்றார் முதலாளி. "வாய் தவறி வந்த வார்த்தை."

"சாட்சி நிக்கிறாரே" என்று தராசு சிற்பியைக் காட்டினாள். "அதுல கை வைக்க ரெண்டு சாவி. ஒண்ணு இவர்கிட்ட. இவர் அப்போ மேடையில, ஆயிரம் பேர் முன்னால தன்னைத்தானே பாராட்டிட்டு இருந்திருக்கார். இன்னொண்ணு?"

"சொல்றேன்" என்றார் சிற்பி, பல்லைக் கடித்துக்கொண்டு. "எந்தக் கோர்ட்டுக்கு வேணும்னாலும் வர்றேன். கோடு தெரியாதாமா? இந்தக் கம்பெனியோட முதல் பம்ப்புக்கு இந்த ஆளேதான் கோடு எழுதினார்! அந்தக் குப்பையைத் தூக்கிப் போட்டுட்டுத்தான் நான் புதுசா எழுதினேன். அதிலேருந்து 'நான் வியாபாரி'ன்னு வேஷம்!"

"நல்ல சாட்சி" என்றாள் தராசு. "எதுக்காக வர்றார்ங்கிறதுதான் அசிங்கம். பரவாயில்லை, கோர்ட்டுல அதைக் கேட்க மாட்டாங்க."

முதலாளியின் நெற்றியில் சுருக்கம் விழ ஆரம்பித்தது. பிறகு அவர் பேசியது துக்கக் குரலில் இல்லை, சொந்தக் குரலில்.

"மறுநாள் பெரிய ஆஸ்பத்திரியில மெஷினைக் காட்டணும். அந்தப் பொண்ணு காய்ச்சல்ல. இவர் ஊர்ல இல்லை. கம்பைலர்கிட்ட குடுத்தா 'அலாரம் எழுதலை, அலாரம் எழுதலை'ன்னு அதே சிவப்பு வரி. எத்தனை தடவை தட்டினாலும் அதே வரி. நான் பழைய ஆளு. அதோட வாயை அடைக்கத் தெரியும். ஒரு வார்த்தையை எடுத்தேன். ரெண்டு அடைப்புக்குறி போட்டேன். அடங்கிடுச்சு. சும்மா காட்டறதுக்குத்தானேன்னு நினைச்சேன். பார்த்தவங்களுக்குப் பிடிச்சுப்போச்சு. ஆர்டர் வந்துச்சு. அப்புறம் மணி வந்துச்சு, மெஷின்ல மாட்டினாங்க, அனுப்பினாங்க. நான்..."

நிறுத்தினார். அடுத்த வார்த்தை எதுவென்று அறையில் எல்லோருக்கும் தெரிந்தது. அவரால் அதைச் சொல்ல முடியவில்லை.

"திருப்பி வைக்க மறந்துட்டீங்க" என்றாள் தராசு. "அவர் செத்த அன்னைக்கு ஞாபகம் வந்துச்சு. உடனே வேற ஒருத்திக்கு அந்த மறதியைக் குடுத்துட்டீங்க. அவ பூட்டு போட்டுட்டுப் போனா. நீங்க பூட்டை உடைச்சீங்க. திருட்டு நடந்ததும் பூட்டு போட்டவளைப் பிடிச்சு உள்ளே தள்ளிட்டீங்க. கம்பைலர்ங்கிறது உயிரில்லாத ஜடம். அதுக்கு இருந்த மனசாட்சிகூட இந்த ரூமுக்குள்ள இல்லை."

டிக் மெதுவாகக் கேட்டார்: "சார், மத்த ஆஸ்பத்திரிக்குப் போன மெஷின்ல... சரி பண்ணிட்டோம்தானே?"

முதலாளி சுவரைப் பார்த்தார்.

"பண்ணலையா?"

"திருப்பிக் கேட்டா காரணம் சொல்லணும்" என்றார் முதலாளி. "அடுத்த மாசம் புது வெர்ஷனோட சேர்த்துச் சத்தமில்லாம..."

"சத்தமில்லாமத்தான்" என்றான் ரேடியோ. அவன் குரலில் விளையாட்டு போயிருந்தது. "சார் தொழிலே அதுதானே."

அதுவரை கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த டிரைவிங் ஸ்கூல் அம்மாள் எழுந்தாள். நாற்காலி பின்னால் நகர்ந்த சத்தத்தில் முதலாளி உடலைக் குறுக்கிக்கொண்டார். கன்னத்தில் அறை விழும் என்று நினைத்திருக்க வேண்டும். அவள் மேசையைச் சுற்றி வந்தாள். நடுவில் இருந்த போனைத் தூக்கி அவர் முன்னால் வைத்தாள்.

"மெஷின் போன ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் போன் பண்ணு. என் எதிர்லயே."

உள்ளே வந்து வணக்கம் சொன்னபோது அவரை 'நீங்க' என்று பேசியவள். மரியாதை போனதை அவள் கவனிக்கவில்லை, அவர் கவனித்தார்.

"அம்மா, முறைப்படி எங்க வக்கீலைக் கேட்டு..."

"இந்த நிமிஷம் எவனோ ஒருத்தன் கட்டில் பக்கத்துல பச்சை லைட்டு எரிஞ்சுக்கிட்டிருக்கு. அவன் பொண்டாட்டி கீழே காபி வாங்கப் போயிருக்கா. எடு போனை."

டிக் எழுந்துபோய் அவரே முதல் எண்ணை அழுத்தினார். சிற்பி இன்னும் திரையில் அந்த அடைப்புக்குறிகளையே முறைத்துக்கொண்டிருந்தார். தராசு அவர் தோளைத் தட்டினாள். "ஐயா, உங்க சிலைக்கு அப்புறம் அழுவலாம். அந்த மணியை அடிக்கிற உடம்பை யார் எழுதுறது? உங்க லெவல் வேலை இல்லைன்னா, தெரிஞ்ச ஒருத்தி அண்ணன் வீட்டுல ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கா. மன்னிப்புக் கேட்டுட்டுக் கூப்பிடுங்க. வர்றதும் வராததும் அவ இஷ்டம்."

மறுமுனையில் மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள்.

முதலாளி உதட்டை நனைத்துக்கொண்டார். "வணக்கம்... பம்ப் கம்பெனியிலேருந்து பேசறேன். உங்ககிட்ட இருக்கிற புது மாடல்... அதை உடனே நிறுத்திட்டு வேற மாத்திடுங்க. அதுல அலாரம் அடிக்காது. எங்க ஆளுங்க அதை எழுத மறந்து..."

ஒரு விரல் போனின் கொக்கியை அழுத்தியது. தொடர்பு அறுந்தது.

"மறுபடி போடு" என்றாள் அம்மாள். "மறந்துட்டாங்கன்னு சொல்லாதே. நானே எடுத்துட்டேன்னு சொல்லு."

அவர் மறுபடி எண்களை அழுத்தினார்.